சமரசத்தின் விலை

ஜொகன்னஸ்பர்க் நகரில் முன்பு டி. எஃப். மலான் பெயரைத் தாங்கியிருந்த சாலை, இன்று பேயர்ஸ் நௌடே சாலை. இருவருமே ஆப்பிரிக்கானர், டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர்களாக இருந்தோர். 1948இல் ஆட்சியேறி இனஒதுக்கலை அரசுக் கொள்கையாக்கியவர் மலான். அக்கொள்கைக்கு விவிலியத்தில் இடமில்லை என்று எதிர்த்தவர் நௌடே (1915–2004).

நௌடேயும் தொடக்கத்திலேயே தெளிந்தவர் அல்லர். ஆப்பிரிக்கானர் ஆதிக்கத்தைக் கட்டிக்காத்த இரகசிய அமைப்பில் இருபதாண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருந்தார். 1960இல் ஷார்ப்வில்லில் காவல்துறை 69 பேரைச் சுட்டுக்கொன்றது அவர் மனச்சான்றை உலுக்கியது. 1963இல் அவ்வமைப்பையும் தம் சபையின் பிரசங்க மேடையையும் துறந்தார். சொந்த மக்கள் அவரைத் துரோகி என்றனர். 1977 முதல் 1984 வரை அரசின் தடையாணை அவரை முடக்கியது. கறுப்பின மக்களின் திருச்சபையில் இணைந்து அவர்களிடையே பணிபுரிந்தார். அவரது அஸ்தி, கறுப்பின மக்கள் வாழும் அலெக்சாந்திராவில் தூவப்பட்டது.

சமரசம் என்றதும் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்பையும் பொறுமையையும் எதிர்பார்ப்பதே எங்கும் வழக்கம். நௌடேயின் வாழ்வு அக்கேள்வியைத் திசைமாற்றுகிறது: ஆதிக்கத்தால் பயனடைந்தோர் எதை இழக்க முன்வந்தனர்? சாலைக்குப் பெயர்சூட்டுதல் எளிது. இக்கேள்வியை அவரவர் தம் சமூகத்திடம் எழுப்புவதே அவருக்குச் செய்யும் மெய்யான அஞ்சலி.