உங்க கம்பெனியில வெளியே பார்க்கிற வேலை யாருக்கு?

இந்த வாரம் எஸ்ஐபி இல்லை, வரி இல்லை. உங்க மாசச் சம்பளம் எங்கிருந்து வருதோ, அந்தக் கம்பெனியைப் பத்திப் பேசலாம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. உங்களுக்கு வயசு 28, சம்பளம் 40,000 ரூபாய்னு வைங்க. ஒரு ரூபாய் இன்கிரிமென்ட் கூட இல்லாம 30 வருஷம் வேலை பார்த்தாலே மொத்தம் 1 கோடியே 44 லட்சம். உங்க மியூச்சுவல் ஃபண்ட், நகை, எஃப்டி எல்லாத்தையும் விட இதுதான் பெரிய சொத்து. 2,000 ரூபாய் எஸ்ஐபி போட நாலு வீடியோ பார்க்கிறோம். இந்த 1.44 கோடியைத் தரப்போற கம்பெனி இன்னும் பத்து வருஷம் நிக்குமான்னு எத்தனை பேர் யோசிச்சிருக்கோம்?

அதைத் தெரிஞ்சுக்க நான் கேட்கிற முதல் கேள்வி லாபம் எவ்வளவுன்னு இல்லை. "உங்க தொழில்ல வெளியே புதுசா என்ன வருதுன்னு பார்க்கிற வேலை யாருக்கு?" இதுக்குப் பதிலா ஒரு ஆளோட பெயர் வரணும். "எல்லாரும் பார்க்கிறோம் சார்"னு சொன்னா, யாரும் பார்க்கலைன்னு அர்த்தம். தொழில்நுட்பக் கண்காணிப்புன்னு பெரிய கம்பெனிகள்ல தனிப் பிரிவு வச்சுச் செய்யறது இதைத்தான். என் கருத்து, 30 பேர் வேலை செய்யற பட்டறைக்கும் இது வேணும்.

நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கு. செவ்வாய்ப்பேட்டையில ஏறி இறங்குற ஜவ்வரிசி மூட்டைக்குப் பின்னாடி சேலம், நாமக்கல் மாவட்டங்களோட குச்சிக்கிழங்குக் காடு இருக்கு. 2020-ல் கேரளாவில் திருச்சூர் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க. கொஞ்ச நாள்ல அது நம்ம காட்டுக்கும் வந்துடுச்சு. செடியோட நுனி சுருண்டு, வளர்ச்சி நின்னு, கிழங்கு பிடிக்காமப் போச்சு. கிழங்கு வரலைன்னா சேகோ ஃபேக்டரியில அரவை இல்லை. அரவை இல்லைன்னா அங்கே கணக்கு எழுதுறவர்ல இருந்து லோடு ஏத்துறவர் வரைக்கும் எல்லாருக்கும் அடி.

ஆனா இந்தப் பூச்சி உலகத்துக்குப் புதுசு இல்லை. 1970-கள்லயே ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழிச்சது இதேதான். அதைக் கட்டுப்படுத்துற ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியை 1981-ல் தென் அமெரிக்காவில், பராகுவேயில் கண்டுபிடிச்சு, ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பினாங்க. அந்த வேலையை முன்னின்று நடத்தின ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசே கொடுத்தாங்க. 2008-ல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தது. மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதியில உலகத்துலேயே பெரிய நாடு அது. 2009-லேயே ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து குளவியை இறக்கிட்டாங்க. நமக்கு, பெங்களூருவில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அதே பெனினில் இருந்து 2021-ல் வாங்கி வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல வெளியிட்டாங்க.

அரசு நிறுவனம் தன் வேலையைச் செஞ்சது. என் கேள்வி அவங்களைப் பத்தி இல்லை, தனியார் முதலாளியைப் பத்தி. போட்டி நாட்டுல நம்ம மூலப்பொருளுக்கே ஆபத்து வந்து, மருந்தும் கண்டுபிடிச்சு, 11 வருஷம் ஓடிப்போச்சு. எல்லாமே பொதுவெளியில கிடைக்கிற தகவல். ஒரு ஃபேக்டரியால பூச்சியைத் தடுத்திருக்க முடியாதுங்கிறது நிஜம். ஆனா விதைக்குச்சி எந்த மாவட்டத்துல இருந்து வருதுன்னு விசாரிக்கலாம், ஏன்னா பூச்சி அதுலயும் ஏறி வரும். திருச்சூர் செய்தி வந்த மாசமே, புது மெஷினுக்கு டேர்ம் லோன் எடுக்கிறதைத் தள்ளிப் போட்டு, கையில நடைமுறை மூலதனத்தைச் சேர்த்து வச்சுக்கலாம். எனக்கு இந்த ரெண்டாவதுதான் முக்கியம். கிழங்கு வராத வருஷத்துல வட்டி கட்டுறது எவ்வளவு கஷ்டம்னு பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவங்களுக்குத் தெரியும்.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? தயவுசெஞ்சு சாஃப்ட்வேர் சந்தாவுல ஆரம்பிக்காதீங்க. லாப நஷ்டக் கணக்கைத் திறங்க. செலவுல பெரிய மூணு வரி எதுன்னு பாருங்க. சேகோ ஃபேக்டரின்னா கிழங்கு, கரண்ட், கழிவுநீர்னு வைங்க. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைன்னா வெள்ளி விலை, கூலி, சேதாரம். இந்த மூணையும் பாதியாக் குறைக்கிற விஷயம், இல்லைன்னா ரெட்டிப்பாக்கிற விஷயம், உலகத்துல எங்கே நடந்தாலும் நமக்குத் தெரியணும். அவ்வளவுதான் கண்காணிப்போட எல்லை. கழிவுநீர்ல பயோகேஸ் எடுத்துக் கரண்ட் செலவைக் குறைச்ச சேகோ ஃபேக்டரிகள் நம்ம பக்கமே இருக்கு. அங்கே ரெண்டாவது வரியும் மூணாவது வரியும் ஒண்ணா இறங்குது.

ஒரே ஒரு ஆளுக்கு வாரம் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. 40,000 சம்பளக்காரரோட நேரம் மணிக்குச் சுமார் 250 ரூபாய். மாசம் எட்டு மணி நேரம், 2,000 ரூபாய். வருஷத்துக்கு 24,000. ஒரு தடவை கண்காட்சிக்கு நாலு பேர் டெல்லி போய்ட்டு வர்ற செலவை விடக் கம்மி. கண்காட்சியில விக்கிறவர் விக்க நினைக்கிறதைத்தான் காட்டுவார், அதையும் ஞாபகம் வைங்க.

அந்த ரெண்டு மணி நேரத்துல அதிகம் பலன் தர்ற இடம் காப்புரிமை ஆவணங்கள். நம்ம ஊர்ல யாரும் அந்தப் பக்கமே போறதில்லை. பொதுவா விண்ணப்பம் போட்ட 18 மாசத்துல அது வெளியாகும். மெஷின் மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே போட்டியாளர் எந்தத் திசையில போறார்னு தெரிஞ்சுடும். கூகுள் பேட்டன்ட்ஸ்லயும், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தோட தளத்துலயும் இலவசமாத் தேடலாம். காப்புரிமை 20 வருஷத்துக்குத்தான், அதுவும் வாங்கின நாட்டுக்குள்ள மட்டும்தான். காலாவதியானதையும், இந்தியாவில் வாங்காததையும் இங்கே பயன்படுத்த வழி இருக்கு. செய்யறதுக்கு முன்னாடி ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க.

பார்த்தா மட்டும் போதுமா? கோடாக்கைப் பாருங்க. டிஜிட்டல் கேமராவை 1975-ல் செஞ்சதே அவங்க இன்ஜினியர் ஸ்டீவ் சாசன்தான். 2012 ஜனவரியில திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனதும் அதே கம்பெனி. ஃபிலிம்ல வந்த லாபம் கையைக் கட்டிப்போட்டுடுச்சு. அதனால மாசக் கடைசியில முதலாளி மேஜைக்குப் போற ஒரு பக்க அறிக்கையில, ஒவ்வொரு செய்திக்கும் எதிர்ல ஒரு முடிவு இருக்கணும்: விடலாம், கவனிக்கலாம், சின்னதாச் சோதிக்கலாம், வாங்கலாம். முடிவு இல்லாத அறிக்கை வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரிதான்.

இப்போ உங்க பக்கம். நீங்க முதலாளி இல்லை, சம்பளக்காரர். உங்க கம்பெனி வெளியே பார்க்குதான்னு எப்படித் தெரியும்? கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 134(3)(m)-ன்படி இயக்குநர் குழு அறிக்கையில தொழில்நுட்ப உள்வாங்கல்னு ஒரு பகுதி உண்டு. என்ன முயற்சி எடுத்தாங்க, என்ன பலன் கிடைச்சது, கடந்த 3 வருஷத்துல வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எதை இறக்கினாங்க, ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவுன்னு எழுதணும். நிறைய பேர் தாண்டிப் போற பக்கம். மூணு வருஷ அறிக்கையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. வருஷத்தை மட்டும் மாத்தி அதே ரெண்டு வரியை ஒட்டியிருந்தா, எனக்கு அது ஒரு எச்சரிக்கை மணி. சேவைத் துறைக் கம்பெனிகள் "பொருந்தாது"ன்னு போடுறதுல ஓரளவு நியாயம் இருக்கு; உற்பத்திக் கம்பெனி அப்படிப் போட்டா இல்லை. லிஸ்டெட் கம்பெனி அறிக்கை எக்ஸ்சேஞ்ச் தளத்துலயே இலவசம். பார்ட்னர்ஷிப், புரொப்ரைட்டர்ஷிப்ல இது கிடைக்காது. அங்கே முதலாளிகிட்ட அந்த முதல் கேள்வியைக் கேட்கிறதுதான் வழி.

ஈசாப் வாங்கியிருக்கிறவங்க ரெண்டு தடவை படிங்க. சம்பளம், சேமிப்பு ரெண்டும் ஒரே கம்பெனியில மாட்டியிருக்கு. பங்கை எடுத்துக்கும்போது, விக்கிறதுக்கு முன்னாடியே, கிடைச்ச தள்ளுபடிக்குச் சம்பளமாவே வரி வரும்.

தைரியம் இருந்தா அந்த ரெண்டு மணி நேர வேலையை நீங்களே கேட்டு வாங்குங்க. இன்கிரிமென்ட் பேச உட்காரும்போது "நான் நல்லா உழைச்சேன்"னு சொல்றதுக்கும், பன்னிரண்டு மாச அறிக்கையை மேஜையில வைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அடுத்த வீடியோவுல ஒரு ஆண்டறிக்கையைத் திறந்து அந்தப் பகுதியை வரிவரியாப் படிக்கப் போறோம். உங்க கம்பெனியோடதையும் டவுன்லோடு பண்ணி வச்சுட்டு வாங்க.