கேட்டை செய்த கேடு என்ன?

மே மாதம். ஏற்காட்டிலே கோடை விழா. மலர் காணப் பெருங்கூட்டம் மலையேறி வருகிறது. அந்நாட்களில், நள்ளிரவு வேளையில், சேர்வராயன் மலைமீது நின்று தென்வானை நோக்கினால், செந்தணல் துண்டமென ஒரு விண்மீன் தெரியும். விருச்சிகத்தின் நெஞ்சிலே சுடரும் அதற்குத்தான் கேட்டை என்று பெயர். மலர் காண வந்தோர் அதைக் காண்பதில்லை. பஞ்சாங்கம் காண்போரோ, அதை ஏட்டிலன்றி வானிலே கண்டதில்லை! காணாத விண்மீனைக் காட்டித்தான் ஒரு பெண்ணின் வாழ்விலே தடை போட்டிருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் அமர்ந்து படித்தவள் அவள். காப்பித் தோட்டத்துக் கணக்கரின் மகள். பௌதிகத்தில் பட்டம் பெற்றாள். மேலும் படித்து, முனைவராகி, விண்மீன் வெடிப்பை ஆராய வேண்டும் என்பது அவள் வேட்கை. வீட்டாரோ மணம் பேசினர். "பெண் கேட்டை நட்சத்திரம், மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது" என்றார் சோதிடர். மணம் நின்றது. நின்றது நல்லதே என்போம்! ஆனால், "தோஷம் உள்ள பெண், படிப்பும் ஏறிவிட்டால் எவன் வருவான்?" என்று படிப்பையும் நிறுத்திவிட்டனர். பரிகாரத்துக்குப் பணம் இருந்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு இல்லையாம்!

கலைப் பட்டம் பெற்ற நமக்கு, கேட்டை யாதெனக் கற்பித்தவளே அவள்தான். ஏறத்தாழ 550 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் செம்பெருமீன் அது. கதிரவனைப்போல் பல நூறு மடங்கு அகன்றது. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் கால் வைக்குமுன்பே புறப்பட்டுவிட்டது. அவ்வளவு தொலைவிலிருந்து, சேலம் மாவட்டத்தில் எந்த வீட்டு மூத்த பிள்ளையைக் கொல்லலாம் என்று அது தேடித் திரிகிறதாம்! கேட்க நாணமாக இல்லையா, தோழர்களே?

ஒருநாள் கேட்டையே வெடிக்கும். அதன் நடுவிலே இரும்பு திரளும். இரும்பை எரித்து ஆற்றல் பெற இயலாது. அந்த இரும்புக் கரு, கதிரவனின் எடையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கை எட்டியதும், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் தன்னுள்ளேயே இடிந்து விழும். இப்படியோர் எல்லை உண்டு என்பதற்கு வழிகாட்டிய கணக்கைப் போட்டவர் யார்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர்! 1930இல், 19 வயதில், இங்கிலாந்து சென்ற கப்பலிலே, எரிபொருள் தீர்ந்து குளிரும் வெண்குறுமீனுக்கு அந்த எல்லையைக் கணக்கிட்டார். 1935இல் எடிங்டன் என்ற பேரறிஞர் அவையறிய அதை எள்ளினார். இளைஞர் அஞ்சவில்லை, கணக்கு நின்றது. 1983இல் நோபல் பரிசு வந்தது.

விழுந்த விண்மீன் எப்படி வெடிக்கிறது? 1966இல் கோல்கேட், ஒயிட் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் கணினியைக் கொண்டு கணித்து, நியூட்ரினோ எனும் நுண்துகள்களே வெடிப்பைத் தூண்டுகின்றன என்றனர். பின்வந்தோர் இன்னும் நுட்பமாகக் கணக்கிட்டனர். அப்போது நேர்ந்தது என்ன? கணினியில் விண்மீன் வெடிக்க மறுத்தது! உள்ளிருந்து எழுந்த அதிர்ச்சி அலை பாதி வழியிலே ஓய்ந்து நின்றது. வானிலே வெடிக்கிறது, கணக்கிலே வெடிக்கவில்லை!

விஞ்ஞானிகள் என்ன செய்தனர்? விண்மீனுக்குத் தோஷம் என்றனரா? பரிகாரம் தேடினரா? இல்லை. "குறை எம் கணக்கில்" என்றனர். விண்மீனை ஒழுங்கான உருண்டையாகக் கொண்டதே பெருங்குறை எனக் கண்டனர். உள்ளே அது உலைநீர்போல் கொதித்துப் புரள்கிறது. முப்பரிமாணத்தில் அந்தக் கொதிப்பையும் கணக்கிட்டபோது, பல மாதிரிகள் வெடித்தன. முனைவர் பட்டம் பெற்ற பின்னும், இரண்டு மூன்று ஆண்டுப் பணியில் அமர்ந்து, எத்தனையோ இளைஞர் இந்தக் கணக்கையே திருத்தித் திருத்திப் போடுகின்றனர். முழு விடை கிட்டிவிட்டது என்று இன்றும் அவர்கள் மார்தட்டவில்லை.

1987 பிப்ரவரியில் இயற்கையே தேர்வு வைத்தது. பெரிய மெகல்லன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. ஒளி தென்படுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத் நாட்டிலும் ஏறத்தாழ 25 நியூட்ரினோக்கள் கருவிகளில் பதிந்தன. இடிந்து விழும் கருவிலிருந்து அவை வெளிப்படும் என்று கணக்கு முன்பே சொல்லியிருந்தது! நம் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் வானாய்வு நிலையமும் அந்த வெடிப்பை ஆராய்ந்தது.

இப்போது சோதிடரின் கணக்கைப் பாருங்கள். சொன்னது பலித்தால் சாஸ்திரத்தின் பெருமை. பலிக்காவிட்டால், "பிறந்த நேரம் பிசகு" என்பார். தவறவே தவறாத கணக்கு, கணக்கல்ல, கண்கட்டு! பிழையை ஒப்புவது அறிவு. பிழையைப் பிறர் தலையில் கட்டுவது பிழைப்பு!

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்ட நாடு இது. அதே நாட்டில், 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு, சோதிடத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கப் பொருளுதவி தர முன்வந்தது. எதிர்த்து வழக்காடினர், 2004இல் உச்சநீதிமன்றம் தலையிட மறுத்தது. அறியாமைக்கு மானியம், ஆராய விரும்பும் பெண்ணுக்கு அடுப்பங்கரை!

அவள் தந்தையிடம் பேசினோம். அவர் கெட்டவர் அல்லர். "ஊரோடு ஒத்துப் போக வேண்டாமா, சார்?" என்றார். ஊர் என்பது யார்? நாம்தானே! மேடையிலே பகுத்தறிவு பேசிவிட்டு, தங்கைக்கு வரன் பார்க்கையில் ஜாதகத்தை மடித்து எடுத்துச் செல்லும் தோழர்கள் நம்மிடையே இல்லையா? அம்மாவின் திருப்திக்காக என்று அவர்கள் சொல்லும் சாக்கில்தான் சோதிடரின் அடுப்பு எரிகிறது.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இரும்பு இருக்கிறது. அந்தப் பெண்ணின் குருதியிலும் இரும்பு இருக்கிறது. உலகத்து இரும்பின் பெரும்பகுதி, என்றோ வெடித்த விண்மீன்களில் விளைந்ததே. விண்மீன் அவளுக்குக் கேடு செய்யவில்லை, உதிரம் தந்திருக்கிறது! கேடு செய்தவர்கள் மனிதர்கள். எனவே மனிதர்களாலேயே அதை மாற்ற முடியும்.

இளைஞனே! பெண் பார்க்கச் செல்லும்போது ஜாதகம் கேட்காதே; கேட்டால் கொடுக்காதே. கல்லூரி திறக்கும் நாள் நெருங்குகிறது. அந்தக் கணக்கர் வீட்டுப் படியை நாம் மீண்டும் ஏறப் போகிறோம். உன் ஊரிலும் அப்படியொரு வீடு இருக்கும். நீயும் ஏறு!