வாசலிலேயே தொடங்கும் விபத்து

ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்து தீப்பிடித்தால், தீ அணையும் முன்பே காரணம் சொல்லப்பட்டுவிடுகிறது: டிரைவர் தூங்கிவிட்டார், அல்லது குடித்திருந்தார், அல்லது கண்மண் தெரியாமல் ஓட்டினார். காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையும் ‘அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டியதால்’ என்றுதான் தொடங்கும். டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம்வரை இதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் இந்த நம்பிக்கை தவறு, ஆபத்தானதும்கூட. அபாயகரமான சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டியில் பெரும்பாலான விதிமீறல்கள் டிரைவர் சாவியைத் திருப்பும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. பழியை ஸ்டியரிங்கோடு கட்டிவிட்டால், லோடு ஏற்றியவர்களையும் வழி வகுத்தவர்களையும் கையெழுத்திட்டவர்களையும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூர் அருகே பாங்க்ரோட்டாவில், அஜ்மீர் நெடுஞ்சாலையில் யூ-டர்ன் எடுத்துக்கொண்டிருந்த கேஸ் டேங்கர்மீது ஒரு லாரி மோதியது. வால்வுகள் உடைந்து வாயு கொட்டியது. பின்னால் நின்ற வாகனங்களில் இருந்தவர்களும் எரிந்துபோனார்கள். விரைந்து வண்டிகள் ஓடும் நெடுஞ்சாலையில் இவ்வளவு நீளமான வண்டி குறுக்கே திரும்பும்படி இடைவெளி விட்டது யார்? மோதலில் முதலில் அடிபடும் இடத்தில் வால்வு இருக்க, அதற்குப் போதிய கவசம் இருந்ததா? இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி 3 அதிகாலையில், கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து வந்த 18 டன் டேங்கர், இழுத்துவந்த லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சியதால் உயிர்கள் தப்பின. லாரியையும் டேங்கையும் பிணைக்கும் பாகம் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது பராமரிப்பின் வேலை, தகுதிச் சான்று (எஃப்.சி.) கொடுப்பவரின் வேலை.

தவறு வண்டி கிளம்பும் முன்பே நடந்துவிடுவதை அப்பட்டமாகக் காட்டிய விபத்து 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினின் லாஸ் அல்ஃபாக்கெஸ் கடற்கரை முகாமில் நடந்தது. சுமார் 19 டன் மட்டுமே ஏற்றக்கூடிய டேங்கரில் 23 டன்னுக்கு மேல் புரொப்பிலீன் ஏற்றியிருந்தார்கள். திரவ வாயு சூட்டில் விரியும்; விரிவதற்கு மேலே கொஞ்சம் வெற்றிடம் விடுவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்த இடம் விடப்படவில்லை, அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அந்த டேங்கில் இல்லை. வண்டி சுங்கம் வசூலிக்கும் விரைவுச்சாலையை விட்டு, விடுமுறைக் கூட்டம் நிரம்பிய கடலோரச் சாலையில் போனது. 200 பேருக்கு மேல் மாண்டார்கள், டிரைவரும் அவர்களில் ஒருவர். அளவை மீறி நிரப்பியது, வால்வு இல்லாத டேங்கை ஓடவிட்டது ஆகிய இரண்டுக்கும் அவர் எப்படிப் பொறுப்பாவார்? ஆனால் நம் ஊரில் நடந்திருந்தால் முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயர்தான் இருந்திருக்கும்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், அபாயகரமான சரக்கு பற்றிய பகுதியில், 131ஆம் விதி சரக்கை அனுப்புபவரின் பொறுப்பைச் சொல்கிறது; 132 வண்டி உரிமையாளரின் பொறுப்பை; 133தான் டிரைவருடையது. வண்டி பாதுகாப்பானதா, டிரைவர் பயிற்சி பெற்றவரா என்பதையெல்லாம் உறுதிசெய்ய வேண்டியவர் அனுப்புபவர். ஆக, ‘வண்டி கான்ட்ராக்டருடையது, கேட்டைத் தாண்டினால் எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. வண்டி போகும் வழியும் டிரைவர் கையில் இல்லை. கொல்கத்தாவின் அலிப்பூரை எடுத்துக்கொள்வோம். பட்ஜ் பட்ஜ் எண்ணெய் முனையங்கள் இருக்கும் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் தலைமையிடமும் நீதிமன்றமும் அங்கேதான் உள்ளன. முனையங்களுக்கும் நகருக்கும் நடுவே நெரிசலான தெருக்கள். 2018 செப்டம்பர் 4 அன்று பக்கத்து மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தபின், 2020 டிசம்பரில் புதுப்பாலம் திறக்கும்வரை வாகனங்கள் அலிப்பூர், நியூ அலிப்பூர் தெருக்களைச் சுற்றித்தான் போயின. பாலம் பராமரிப்பதும் மாற்றுவழி குறிப்பதும் அரசு அலுவலகத்தின் மேசையில் நடப்பவை. அந்த மேசையில் எடுத்த முடிவுக்கு லோடோடு வந்து நிற்கும் டிரைவர் பதில் சொல்ல முடியாது.

டேங்கரின் இருபுறமும் பின்னாலும் இருக்க வேண்டிய அவசரத் தகவல் பலகையையும் சொல்ல வேண்டும். சமையல் வாயு என்றால் 1075 என்ற அடையாள எண், சரக்கின் பெயர், அபாயக் குறியீடு, அனுப்பியவரின் தொலைபேசி எண். தண்ணீர் அடிப்பதா, விலகி நிற்பதா என்று தீயணைப்பு வீரர் தீர்மானிப்பது இதைப் பார்த்துத்தான். பெயின்ட் உதிர்ந்து, சேறு படிந்து இந்த எண் படிக்க முடியாமல் போனால் டிரைவர் எவ்வளவு விழிப்பாக இருந்தும் பயனில்லை. 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் சாலாவில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து காற்றைவிடக் கனமான வாயு தரையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் புகுந்தது. 20 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

டிரைவர்கள் உண்மையிலேயே தூங்குவதில்லையா என்று கேட்கலாம். தூங்குகிறார்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. டிரிப் கணக்கில் பேட்டா வாங்குபவருக்கு, தூங்கினால் கூலி போகும். இரண்டாவது ஆளைக் குறைப்பது உரிமையாளருக்கு மிச்சம், அவரை அந்த நிலைக்குத் தள்ளுவது அடிமாட்டு வாடகைக்கு டெண்டர் விடும் நிறுவனத்துக்கு மிச்சம். தூக்கம் என்பது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. விதிகளைக் கறாராக்கினால் சிலிண்டர் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும், இப்போது அந்த மிச்சத்தின் விலையைச் சாலையோரத்தில் குடியிருப்பவர்கள் உயிராகக் கொடுக்கிறார்கள். தினமும் ஆயிரக்கணக்கான டேங்கர்கள் பத்திரமாகப் போய்ச் சேருகின்றனவே என்பது இன்னொரு வாதம். சரிதான். மோதல்கள் முற்றாக நிற்காது. ஆனால் எந்த மோதலும் ஊரை எரிக்காதபடி டேங்கையும் வழியையும் நேரத்தையும் வைத்துக்கொள்வது மனிதர் கையில் இருக்கிறது.

1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், தவறு யாருடையது என்று நிரூபிக்கக் காத்திராமல் உரிமையாளர் நிவாரணம் தர வேண்டும் என்கிறது. வாகனத்தில் கொண்டுசெல்வதும் அதன் வரம்புக்குள் வருகிறது. ஆகவே அடுத்த டேங்கர் கவிழும்போது, டிரைவரின் ரத்தப் பரிசோதனை முடிவோடு லோடு ஏற்றிய இடத்தின் எடைச்சீட்டையும், வால்வு சோதித்த பதிவேட்டையும், அந்த வாரம் அவர் ஓட்டிய மணிக்கணக்கையும், எஃப்.சி. கையெழுத்தையும் விசாரணை அதிகாரி அன்றே கைப்பற்ற வேண்டும்.