வீட்டைச் சுற்றி ஒரு சிறு வனம்

பரீதாபாதில் புதுமனை புகுந்துள்ள அன்பர் ஒருவர், வீட்டைச் சுற்றி எஞ்சிய நிலத்தில் எதை வைக்கலாம் என்று வினவியுள்ளார். அன்னையார் தென்னை வேண்டுமென்கிறாராம். இல்லாள் புல்தரை விரும்புகிறாராம். இருவரும் பொறுத்தருள்க. இவ்வூர்ப் பனிக்காலம் தென்னையைக் காய்க்க விடாது. புல்தரையோ கோடை முழுதும் நீர் கேட்கும். நிலத்தடி நீர் இறங்கிவரும் இப்பகுதியில் அது தகாத செலவு.

அன்பர், குடும்பத்தோடு, அருகிலுள்ள மங்கர்-பனிக் காட்டை ஊரார் இசைவுடன் கண்டு வருவாராக. ஆரவல்லிக் குன்றுகளிடையே, ஒரு துறவியின் பெயரால் கிளை ஒடிக்காது காக்கப்பட்டு வரும் கோயிற்காடு அது. அங்கே நிறைந்திருப்பது ‘தௌ’ என்னும் மரம். ஆடுமாடு கடித்தால் பாறையோடு பாறையாய்ப் படர்ந்து கிடக்கும். காத்தால் நிமிர்ந்து மரமாகும். நம்மவர்க்கு வியப்பளிப்பது வேறொன்று. இவ்வூரார் ‘தாக்’ என்பது நம் புரசு; ‘தூதி’ என்பது நம் வெட்பாலை. ஊரை விட்டு வந்தோமென ஏங்குவோர் இவற்றை ஒருமுறை பார்க்கட்டும்.

அனல்காற்று வரும் மேற்கில், சுவரினின்று 10 அடியேனும் தள்ளி, தௌவும் புரசும் நெருங்க நிற்கட்டும். இடையிடையே வெட்பாலை, அடியில் ஆடாதோடை. முள்ளுடைய இலந்தை வேலியோரம் போதும், குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் வேண்டா. தெற்கில் மரமே வைக்காதீர். தை மாதக் குளிரில் அன்னையார் வெயில் காய இடம் வேண்டுமன்றோ! புரசு ஆணிவேருடையது, பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. ஆதலின் விதையை ஆனியில் அது நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுக. முதல் இரண்டு கோடைகளுக்கு வாரம் ஒருமுறை நீர் வார்த்தால், பின்னர் பெரும்பாலும் மழையே போதும். தானே முளைக்கும் ‘விலாயதி கீகர்’ இராமநாதபுரத்தார் நன்கறிந்த சீமைக்கருவேலமே. கன்றிலேயே வேரோடு களைக.

சருகைக் கொளுத்தற்க. தலைநகரில் 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே அதைத் தடுத்தது. மரத்தடியில் கிடந்தால் அது ஈரம் காக்கும், உரமுமாகும். பாம்பு வாராதா என்று இல்லாள் கேட்பார், நியாயமான அச்சமே. நடைபாதையிலும் வாயிற்படியருகிலும் மட்டும் 3 அடிக்குப் பெருக்கி வைக்கலாம்.

தென்னைக்கு ஈடாக அன்னையார்க்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று. அடுக்களைப் பக்கம், காற்று மறைவில், வெயில் படும் இடத்தில் வைத்து, முதலிரு பனிக்காலங்களில் இரவில் சாக்குப் போர்த்தினால் இவ்வூரிலும் நன்கு தழைக்கும்.