நன்கொடை வந்த மறுநாள்

தர்ம ஸ்தாபனங்களின் காரியதரிசிகளும் பொருளாளர்களும் கூடுகின்ற இடங்களிலெல்லாம் இந்நாட்களில் ஒரே விசாரணைதான் நடைபெறுகிறது: வேண்டுகோளை எப்படி எழுதி, எந்தப் படத்தைச் சேர்த்து, எந்த நேரத்தில் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வெளியிட்டால் அதிகம் பேர் பணம் அனுப்புவார்கள் என்பதே அது. அவசியமான விசாரணைதான். ஆனால் பணம் வந்து சேர்ந்த மறுநாள், கொடுத்தவருக்கு அந்த ஸ்தாபனம் என்ன செய்கிறது என்பதில் இதே சிரத்தை காட்டப்படுவதில்லை என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

2014ஆம் ஆண்டில் தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொள்ளும் காட்சிகள் உலகெங்கும் பரவி, ஏ.எல்.எஸ். என்னும் கொடிய நரம்பு நோயை எதிர்த்துப் பாடுபடும் அமெரிக்கச் சங்கத்துக்குச் சில வாரங்களுக்குள் சுமார் 11.5 கோடி டாலரைக் கொண்டுவந்து சேர்த்தன. அத்தொகையில் ஆராய்ச்சிக்கு எவ்வளவு, நோயாளிகளின் பராமரிப்புக்கு எவ்வளவு என்று அச்சங்கம் பகிரங்கமாகக் கணக்குச் சொல்லிற்று. அந்நிதியின் துணை பெற்ற ஆராய்ச்சியினால் 2016இல் நெக்-1 என்ற மரபணுவுக்கும் அந்நோய்க்குமுள்ள சம்பந்தமும் வெளிப்பட்டது. இத்தனை நாணயமாக நடந்தும், மறு ஆண்டு அதே முயற்சியைத் திரும்பத் தொடங்கியபோது முந்திய பெருக்கில் ஒரு சிறு பங்கே வந்தது. உற்சாகத்தினால் கொடுத்தவரை வழக்கமாகக் கொடுப்பவராக்குவது தனியான ஒரு வித்தை.

அந்த வித்தை நமக்குப் புதிதன்று. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, மாதக் கடைசியில் கோயிலுக்கோ பள்ளிக்கோ மாதா கோயிலுக்கோ கொடுத்துவந்த குடும்பங்கள் நம்மிடையே அநேகம்; மாதந்தோறும் தானாகவே பணம் செல்லும்படி 2020 ஜூலையில் யுபிஐயில் வந்த ஆட்டோபே வசதி அந்தப் பிடியரிசிக் கலயமேயாகும். மாதம் நூறு ரூபாய் தருகின்ற ஒருவர், ஒரேயொரு முறை இரண்டாயிரம் தந்து மறைந்துபோகிறவரைவிட ஸ்தாபனத்துக்கு உற்ற துணை என்பதை நிர்வாகிகள் உணர்ந்தால், பிரசாரத்தின் முகமே மாறிவிடும்.

இனி, பணம் வரும் வாசலைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். 2020 மார்ச்சில் பிரதமரின் பெயரால் ஏற்பட்ட நிவாரண நிதிக்கு 'பிஎம்கேர்ஸ்' எனத் தொடங்கும் யுபிஐ முகவரி அறிவிக்கப்பட்ட உடனேயே, கடைசி எழுத்து ஒன்றை மட்டும் விட்டுவிட்டு 'பிஎம்கேர்' என்று ஒரு போலி முகவரி கிளம்பியது. பிரதமரின் பெயர் தாங்கிய நிதிக்கே அந்தக் கதியானால், சிறிய அனாதை ஆசிரமத்தின் க்யூஆர் அட்டையைக் காக்கப்போவது யார்? வாட்ஸ்அப்பில் பரவும் படத்தை நம்பாமல், ஸ்கேன் செய்ததும் திரையில் தோன்றும் பெயர் பதிவுபெற்ற அறக்கட்டளையின் பெயர்தானா என்று பார்க்கும்படி ஒவ்வொரு வேண்டுகோளிலும் எழுதிவிட வேண்டும். க்யூஆர் வழியாக வந்த பணத்தோடு கொடுத்தவரின் முகவரியும் பான் எண்ணும் வருவதில்லை; 2021-22 முதல் வருமான வரியின் 80ஜி விலக்குக்குப் படிவம் 10பிடியும் சான்றிதழ் 10பிஇயும் கட்டாயமானபின், மே மாதத்தில் பொருளாளர்கள் படுகின்ற அவஸ்தைக்கு இதுவே காரணம். பணம் வந்த அன்றே விவரங்களைக் கேட்டுவிட்டால் அந்த அவஸ்தை இல்லை.

கடல் கடந்த அன்பர்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் அமெரிக்காவில் வசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் அண்ணன் தம் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுப் பிரஜையாகிவிட்ட தம்பி அனுப்பும் ஒரு ரூபாய்கூட எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதைப் புது டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். பெயரைப் பார்த்து நம்மவர் என்று எண்ணி வாங்கிவிட்டால் நல்லெண்ணம் சட்டத்தின் முன் செல்லாது.

அன்பர்களின் விவரமும் ஒரு நிக்ஷேபமே. உலகின் ஆயிரக்கணக்கான தர்ம ஸ்தாபனங்களுக்கு நன்கொடையாளர் பதிவேட்டைப் பராமரித்துவந்த பிளாக்பாட் நிறுவனத்தில் 2020இல் திருடர்கள் புகுந்தபோது, பழி அந்நிறுவனத்தோடு நிற்கவில்லை. பட்டியலை ஒப்படைத்த ஸ்தாபனங்கள் பலவும் தம் அன்பர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. கொடுப்பவரின் விவரத்தைப் போலவே உதவி பெறுபவரின் மானமும் காக்கத்தக்கதாதலால், நோயுற்ற குழந்தையின் அழுத முகத்தை விளம்பரமாக்கும் வழக்கத்தையும் இவ்விடத்திலேயே கண்டிக்கிறோம். பெற்றோர் சம்மதித்தாலும், வளர்ந்தபின் அக்குழந்தை பார்க்க வெட்கப்படும் படத்தை வெளியிட எந்த நிதியும் நமக்கு உரிமை தராது.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு முதன்முறையாகக் கொடுத்தவர்களில் இவ்வாண்டும் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் ஸ்தாபனத்தின் பதிவேட்டிலிருந்து கணக்கிட்டு, பெயர்கள் எதுவுமின்றி எங்களுக்கு எழுதியனுப்புங்கள். எண்ணிக்கை குறைவாயிருப்பினும் தயங்க வேண்டாம்.