சமையல் எண்ணெயை ஊற்றாதீர்கள்

மாணவர்களே, ஜாசின், அலோர் காஜா பக்கத்து வீடுகள் பலவற்றில் பாட்டி காலத்துத் தையல் இயந்திரம் ‘பழுது’ என்ற பெயரோடு மூலையில் கிடக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போட அவசரப்படக்கூடாது என்பது என் கருத்து. பல இயந்திரங்களுக்கு நோயே நாம் ஊற்றிய சமையல் எண்ணெய்தான்.

ஊற்றியதும் சக்கரம் சுலபமாகச் சுற்றும். ஆனால் செம்பனை எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் உண்டு. அவற்றின் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் தாக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து பிசினாகின்றன. வாணலியின் வெளிப்புறத்தில் தேய்த்தாலும் போகாத மஞ்சள் படலம் இருக்கிறதே, அதுவும் இப்படி உருவானதுதான். தையல் இயந்திர எண்ணெயோ பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் கனிம எண்ணெய். அது எளிதில் பிசினாகாது.

வெட்டுத் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்து ஒட்டுப் போர்வை தைக்கும் வீடுகளில் தொல்லை இரட்டிப்பு. உதிரும் பஞ்சுத் தூசு பாபின் அருகே எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாகி, தையலைத் தவறவைக்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஊசித் தட்டைக் கழற்றித் தூரிகையால் எடுங்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் துருவுக்கு வழிவிடும்; நம் ஊர்க் காற்றின் ஈரமே போதும்!

ஊசியையும் மாற்றுங்கள். தடித்த போர்வைக்கு 90 எண் ஊசி நல்லது. அதன் தண்டு 0.9 மில்லிமீட்டர் தடிமன். எண்ணெய் விட்ட பிறகு முதலில் பழந்துணியில் தைத்துப் பாருங்கள். போர்வையில் கறை படியாது.