தரையிறங்கும்போது விபத்து: விமானி மட்டும்தான் பொறுப்பா?

புது தில்லி: பத்தாண்டு இடைவெளியில் மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் நிகழ்ந்த இரு விமான விபத்துகளின் விசாரணை அறிக்கைகள், ஏறக்குறைய ஒரே முடிவைக் கூறுகின்றன. தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு முதன்மை விமானி மீண்டும் மேலெழும்பியிருக்க வேண்டும் என்பதே அது.

2010 மே 22-ல் துபையிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்ததில் 158 பேர் உயிரிழந்தனர். துணை விமானி மூன்று முறை எச்சரித்தும் முதன்மை விமானி முடிவை மாற்றவில்லை. பயணத்தின் பெரும்பகுதியில் அவர் உறங்கியதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது.

2020 ஆகஸ்ட் 7-ல் அதே நிறுவனத்தின் விமானம் கோழிக்கோட்டில் விபத்துக்குள்ளாகி 21 பேர் பலியாயினர். மழையில், பின்புறமிருந்து காற்று வீச, 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகே விமானம் தரையைத் தொட்டது. இங்கும் துணை விமானியின் எச்சரிக்கை ஏற்கப்படவில்லை.

முதன்மை விமானிகளின் தவறு மறுக்க முடியாதது. ஆனால், இரு விபத்துகளிலும் துணை விமானியின் சொல் எடுபடாமல் போனதை தனிமனிதக் குறையாக மட்டும் கொள்ள இயலாது. கோழிக்கோட்டில் போதிய முதன்மை விமானிகள் நியமிக்கப்படாததும், மறுநாள் காலை விமானத்தை இயக்க வேண்டியிருந்ததும் அவரது முடிவைப் பாதித்திருக்கலாம் என அறிக்கையே கூறுகிறது. மழைக்காலத்தில் பின்காற்றுடன் அந்த ஓடுபாதையில் இறங்குவது ஆபத்தானது என மூத்த விமானி மோகன் ரங்கநாதன் 2011-லேயே எச்சரித்திருந்தார்.

தவறு செய்த விமானியைச் சுட்டுவது எளிது; எச்சரிக்கையைப் புறக்கணித்த அதிகாரியைச் சுட்டுவது அத்தனை எளிதல்ல. விதிகளை அமலாக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஓடுபாதையைப் பராமரிக்கும் விமான நிலைய ஆணையம், விபத்தை ஆராயும் புலனாய்வு அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே அமைச்சகத்தின் கீழ் உள்ளன. இரு விபத்துகளின்போதும் விமான நிறுவனமும் அரசுக்கே சொந்தமாக இருந்தது.

மங்களூர் விபத்துக்குப் பிறகு, சுதந்திரமான விமானப் பாதுகாப்பு வாரியம் தேவை எனப் பரிந்துரைக்கப்பட்டது. 2012-ல் புலனாய்வு அமைப்பு உருவானது. ஆனால் அமைச்சகத்தின் பிடியிலிருந்து விலகவில்லை. 1934-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2024-ல் நிறைவேறிய புதிய சட்டமும் மத்திய அரசின் மேற்பார்வையைத் தொடரச் செய்துள்ளது.

2025 ஜூன் 12-ல் ஆமதாபாதில் புறப்பட்ட உடனே ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் பலியானபோது, முதற்கட்ட அறிக்கை விமானிகள் மீது பழி விழ வழிவகுப்பதாக விமானிகள் சங்கங்கள் ஆட்சேபித்ததற்குப் பின்னணி இதுவே. பழி சுமத்துவதல்ல, மீண்டும் நிகழாமல் தடுப்பதே விசாரணையின் நோக்கம் என்கிறது இந்தியா ஏற்றுள்ள சர்வதேச விதி. அமைச்சகத்தையே கேள்வி கேட்கும் அதிகாரம் புலனாய்வு அமைப்புக்குக் கிடைக்காதவரை, அடுத்த அறிக்கையும் விமானி அறையோடு நின்றுவிடக் கூடும்.